கணக்கில் ஏறுவது எவ்வளவு, கையில் நிற்பது எவ்வளவு?
கிக் வேலை: வாசகர் கேள்வி – பதில்

உணவு டெலிவரி, டாக்ஸி, வீட்டுக்கே போய்ச் செய்யும் அழகுக்கலை, வீட்டில் உட்கார்ந்து எழுதும் கம்ப்யூட்டர் புரோகிராம் என்று, மாதச் சம்பளமில்லாத 'கிக்' வேலையில் செயலியை நம்பிப் பிழைக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். 2020-21இல் நாட்டில் 77 லட்சம் பேர் இப்படி வேலை செய்ததாகவும், 2029-30இல் 2.35 கோடி ஆவார்கள் என்றும் நிதி ஆயோக் 2022இல் கணித்தது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பணத்தைப் பற்றித்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறோம்.

"3 வருடமாகச் சென்னையில் உணவு டெலிவரி. வீடு அம்பத்தூர், ஓட்டுவது தி.நகர் பக்கம். மாதம் 26 நாள், தினம் 11 மணி நேரம், 120 கிலோமீட்டர். செயலியில் மாதம் 28,000 ரூபாய் காட்டுகிறது. ஆனால் 25ஆம் தேதி ஆனால் கைமாற்று வாங்குகிறேன். குடி, சிகரெட் எதுவும் கிடையாது. பணம் எங்கே போகிறது?"
– அம்பத்தூர் வாசகர்

வண்டிக்குள் போகிறது. 28,000 என்பது சம்பளம் இல்லை, கல்லாவில் விழுந்த பணம். சரக்கு, வாடகை, கரண்ட் பில் எல்லாம் போக மிஞ்சுவதைத்தான் கடைக்காரர் வீட்டுக்கு எடுத்துப்போவார். உங்கள் கடை உங்கள் பைக். அது ஒரு கிலோமீட்டர் ஓட என்ன ஆகிறது என்று முதலில் கணக்குப் போடுங்கள்.

110 சிசி வண்டி, லிட்டருக்கு 45 கி.மீ., பெட்ரோல் 101 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோலுக்கு மட்டும் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 24 காசு. எல்லாரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். மேலே எழுதுங்கள். 3,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்ற 450 ரூபாய் என்றால் 15 காசு. 20,000 கி.மீ.க்கு இரண்டு டயரும் 3,600 என்றால் 18 காசு. 15,000க்கு ஒரு செயின் செட் 1,400, அது 9 காசு. பிரேக் ஷூ, க்ளட்ச் கேபிள், ஏர் ஃபில்டர், பஞ்சர் எல்லாம் சேர்த்து 20 காசு. இன்சூரன்ஸ் 5 காசு. கடைசியாக, யாருமே எழுதாத தேய்மானம். 95,000க்கு வாங்கிய வண்டியை 3 வருடத்தில் 1,10,000 கி.மீ. ஓட்டி 30,000க்கு விற்றால், 65,000 ரூபாய் ரோட்டில் கரைந்திருக்கிறது. அது 59 காசு. கூட்டினால் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய்.

மாதம் 3,120 கி.மீ. ஓடினால் 10,920 ரூபாய் வண்டிக்கு. டேட்டா 350. வெளிச் சாப்பாடும் டீயும் நாளைக்கு 100 ரூபாய் வீதம் 2,600. மீதி 14,130. அதை 286 மணி நேரத்துக்கு வகுத்துப் பாருங்கள், மணிக்கு 50 ரூபாய்கூட நிற்கவில்லை. உங்கள் வண்டிக்கு விலைகள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். நாங்கள் போட்ட எண்ணை எடுத்துக்கொள்ளாமல் உங்கள் மெக்கானிக் பில்லை வைத்துப் போடுங்கள்.

இந்தக் கணக்கிலேயே அடைக்க வேண்டிய ஓட்டையும் தெரிகிறது. அம்பத்தூரிலிருந்து தி.நகர் போக வர 30 கி.மீ. என்று வைத்தால் மாதம் 780 கி.மீ. நீங்கள் சும்மா ஓடுகிறீர்கள். 2,730 ரூபாய்க்கு யாரும் கூலி தருவதில்லை. அண்ணா நகர், முகப்பேர் பக்கம் மாறினால் இதில் பாதியாவது மிச்சம். ஆனால் அங்கே ஆர்டர் குறைவாக இருந்தால் மிச்சம் பிடித்தது வெயிட்டிங்கில் போய்விடும். அதனால் இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே ஓட்டி, ஒரு மணி நேரத்துக்குக் கையில் நின்றது எவ்வளவு என்று ஒப்பிட்டு முடிவெடுங்கள். இதற்கு ஒரு சின்ன நோட்டுப் போதும். புறப்பட்டபோது மீட்டர், திரும்பியபோது மீட்டர், லாகின் நேரம், அன்றைய வரவு – இந்த நான்கையும் தினம் எழுதுங்கள்.

இன்சென்டிவ் துரத்துவதும் அப்படித்தான். இன்னும் 4 ஆர்டர் முடித்தால் 150 ரூபாய் என்று திரை மின்னும். ஆர்டருக்கு 35 வீதம் 140, இன்சென்டிவ் 150, ஆக 290. 30 கி.மீ. ஓட வேண்டுமானால் 105 கழிந்து 185. இரண்டரை மணி நேரத்தில் முடிந்தால் மணிக்கு 74, தாராளமாக ஓடலாம். அதே 4 ஆர்டருக்கு இரவு 10 மணியிலிருந்து 2 மணி வரை காத்திருக்க வேண்டுமென்றால் மணிக்கு 46தான். லாக் அவுட் செய்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

கைமாற்று நிற்க ஒரு வழி உண்டு. பெட்ரோல் போக மீதிச் செலவு கிலோமீட்டருக்கு ஒண்ணேகால் ரூபாய். வாரம் 720 கி.மீ. ஓடினால் 900 ரூபாய். வாரப் பணம் விழுந்த அன்றே இதை வேறொரு வங்கிக் கணக்குக்கு மாற்றுங்கள். அந்தக் கணக்குக்கு யூ.பி.ஐ. இணைக்காதீர்கள். டயர் போகும்போதும் இன்சூரன்ஸ் வரும்போதும் அந்தக் கணக்குதான் பேச வேண்டும், மச்சான் அல்ல. அது பழகிய பிறகு, 15 நாள் வீட்டுச் செலவை ஒதுக்குவது அடுத்த இலக்கு. மூன்று மாதச் செலவைச் சேர்த்துவை என்று முதல் நாளே சொன்னால் யாருக்கும் மனம் வராது. பதிவில்லாத ஏலச்சீட்டில் மட்டும் இந்தப் பணத்தைப் போடாதீர்கள்.

"செயின் செட் மாற்றி 8,000 கிலோமீட்டர்கூட ஆகவில்லை, மறுபடி 'கடகட' சத்தம். மெக்கானிக் ஏமாற்றுகிறாரா?"
– திருப்பூர் வாசகர்

அவசரப்பட்டு அவரைத் திட்டாதீர்கள். டெலிவரி வண்டியில் செயின் சீக்கிரம் போக மூன்று காரணங்கள். முதலாவது, தினம் 100 கி.மீ.க்கு மேல் ஓடுபவர் வாரம் ஒருமுறைகூட எண்ணெய் விடுவதில்லை. 500 கி.மீ.க்கு ஒருமுறை செயின் லூப் என்ற செயின் எண்ணெயை அடிக்க வேண்டும், அதாவது உங்களுக்கு நாலைந்து நாளுக்கு ஒருமுறை. பழைய இஞ்சின் ஆயிலை ஊற்றுவது வழக்கமாகிவிட்டது. அது மண்ணைப் பிடித்துவைத்து உப்புத்தாள் மாதிரி பல்லைத் தேய்க்கும்.

இரண்டாவது, தொய்வு. கீழ்ப்பக்கச் செயினை நடுவில் விரலால் தூக்கினால் மாடலைப் பொறுத்து 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட வேண்டும். சக்கரத்தைச் சுற்றி, செயின் எங்கே அதிகம் இறுகுகிறதோ அங்கே அளக்க வேண்டும். பலர் சத்தம் கேட்டதும் இழுத்து இறுக்கிவிடுகிறார்கள். சென்டர் ஸ்டாண்டில் சரியாகத் தெரியும் செயின், நீங்களும் 12 கிலோ பையும் ஏறியதும் பின்சக்கரம் மேலே வருவதால் இன்னும் இறுகும். செயினும் போகும், கியர்பாக்ஸ் பேரிங்கும் போகும், பேரிங் செலவில் நாலு செயின் செட் வாங்கலாம். ஒருவரை வண்டியில் உட்காரவைத்து, அப்போது செயின் விறைப்பாக இறுகிவிடுகிறதா என்றும் இன்னொருவர் பாருங்கள். பின் அச்சின் இரண்டு பக்கமும் உள்ள கோடுகள் ஒரே எண்ணிக்கையில் நிற்கின்றனவா என்றும் பாருங்கள். ஒன்று முன்னே ஒன்று பின்னே இருந்தால் செயின் கோணலாக ஓடும்.

மூன்றாவது, செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டை விட்டுவிட்டுச் செயினை மட்டும் மாற்றுவது. பல் கொக்கி மாதிரி வளைந்திருந்தால் புதுச் செயினையும் அது தின்றுவிடும்.

ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்குச் செயின் தொல்லை இல்லை, ஆனால் உள்ளே பெல்ட் உண்டு. கையேட்டில் 20,000 கி.மீ.க்கு மேல் என்று போட்டிருக்கும், வீட்டுக்கு ஓட்டுபவருக்கு அது மூன்று வருடம். உங்களுக்கு ஏழெட்டு மாதம்.

"மழையில் தெருத் தண்ணீரில் வண்டி நின்றுவிட்டது. செல்ஃப் அடித்து அடித்துப் பார்த்தும் வரவில்லை. இப்போது இஞ்சின் வேலை என்கிறார்கள்."
– வேளச்சேரி வாசகர்

செல்ஃப் அடித்ததுதான் வினை. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், பிஸ்டன் அதை அழுத்த முடியாமல், அதைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளையும். இனிமேல் தண்ணீரில் நின்றால் தள்ளிக்கொண்டு மேட்டுக்கு வாருங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரை மெதுவாகப் பத்து முறை உதைத்தால் தண்ணீர் வெளியே பீச்சும். பிறகு ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். பால் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. மாற்றாமல் ஓட்டாதீர்கள். நனைந்த போனைச் சார்ஜில் போடுவதும் இதே வகைத் தவறுதான்.

"டெலிவரிக்குப் போகும்போது விபத்து நடந்தால் வண்டி இன்சூரன்ஸ் காப்பாற்றுமா? வண்டி அண்ணன் பெயரில் இருக்கிறது."
– மதுரை வாசகர்

உங்கள் கேள்வியில் இரண்டு கண்ணிவெடிகள் இருக்கின்றன.

பாலிசியை எடுத்து 'பயன்பாட்டு வரம்பு' என்ற பகுதியைப் படியுங்கள். சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பாலிசியில், வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டினாலும், சொந்த மூட்டை முடிச்சைத் தவிரச் சரக்கு ஏற்றினாலும் பொருந்தாது என்று இருக்கும். டெலிவரிப் பையோடு விழுந்தால், வண்டிச் சேதத்துக்கான கிளெய்மை இதைக் காட்டி நிறுவனம் மறுக்க முடியும். எனவே புதுப்பிக்கும் முன்பே "டெலிவரிக்குப் பயன்படுத்துகிறேன், அதற்குரிய கவரேஜ் உண்டா?" என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். போனில் ஏஜென்ட் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்று சொல்வது எதற்கும் உதவாது.

இரண்டாவது, அண்ணன் பெயர். பாலிசியோடு வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு, ஆர்.சி. என்ற பதிவுச் சான்றில் பெயருள்ள உரிமையாளர் செல்லுபடியாகும் லைசென்ஸோடு ஓட்டினால்தான். ஓட்டியது நீங்கள் என்றால் அது உங்களுக்கு இல்லை. ஒன்று ஆர்.சி.யை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், அல்லது உங்கள் பெயரில் தனி விபத்துப் பாலிசி எடுங்கள். தொழில் என்ற கட்டத்தில் 'டெலிவரி' என்றே எழுதுங்கள். பிரீமியம் கொஞ்சம் குறையும் என்று 'சுயதொழில்' என்று எழுதினால் கிளெய்ம் வரும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா வருடத்துக்கு 20 ரூபாய்தான், 18 முதல் 70 வயது வரை. அவசியம் எடுங்கள். ஆனால் அது எதற்கு என்று தெரிந்து எடுங்கள். விபத்தில் மரணம், முழு ஊனம் என்றால் 2 லட்சம். ஒரு கை, ஒரு கால் அல்லது ஒரு கண் போனால் 1 லட்சம். கால் முறிந்து இரண்டு மாதம் படுத்தால் ஒரு பைசா வராது. டெலிவரித் தொழிலில் அடிக்கடி நடப்பதோ இந்தக் கால் முறிவுதான். அதற்கு, மருத்துவமனையில் இருக்கும் நாளுக்கு இவ்வளவு என்று தரும் பாலிசியும் நாம் முன்பு சொன்ன 15 நாள் சேமிப்பும்தான் கைகொடுக்கும். செயலி நிறுவனம் தரும் குழுக் காப்பீடு பெரும்பாலும் லாகினில் இருக்கும்போது அல்லது ஆர்டர் கையில் இருக்கும்போது மட்டும் செல்லும். சான்றிதழ் எண், மருத்துவமனைப் பட்டியல், எத்தனை மணி நேரத்தில் தகவல் சொல்ல வேண்டும் என்ற மூன்றையும் போனில் படமெடுத்து மனைவிக்கோ அம்மாவுக்கோ அனுப்பிவையுங்கள். அடிபட்டவர் கையில் போன் இருக்காது.

சிகிச்சைக்கு, 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்துள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவசம். மத்திய அரசின் 2025ஆம் வருடத் திட்டத்தில் 7 நாள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்குப் பணமில்லாச் சிகிச்சை உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைக்கும், ஆனால் ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும்.

விழுந்த பிறகு கவனிக்க வேண்டிய காகிதங்கள்: நேரத்தோடு கூடிய ஆர்டர் ஸ்கிரீன்ஷாட், மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்), காவல் நிலைய சி.எஸ்.ஆர். (புகார் பெற்ற ரசீது) அல்லது எஃப்.ஐ.ஆர்., டிஸ்சார்ஜ் சம்மரி. ஏ.ஆர். காப்பியில் "தானாக வழுக்கி விழுந்தார்" என்று யாரோ சொல்லி எழுதிவிட்டால், மோதிய வண்டி மீது வழக்குப் போடும்போது அதுவே உங்களுக்கு எதிராக நிற்கும். உடன் வந்தவரிடம் இதை முதலிலேயே சொல்லுங்கள். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் 6 மாதத்துக்குள் மனுப் போட்டுவிடுவது நல்லது.

"செயலி வழியாக வீடுகளுக்குப் போய் ஃபேஷியல், வாக்ஸிங் செய்கிறேன். நலவாரியத்தில் பதியச் சொல்கிறார்கள், இ-ஷ்ரம் என்றும் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றா? பதிந்தால் கமிஷன் ஏறுமா?"
– சேலம் வாசகி

இரண்டும் வேறு, இரண்டிலும் பதியலாம் அம்மா. இ-ஷ்ரம் மத்திய அரசுடையது, 2021 ஆகஸ்டில் வந்தது. 16 முதல் 59 வயது வரை ஆதாரோடு பதிந்தால் 12 இலக்க எண் கிடைக்கும். அதை பி.எஃப். எண்ணோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். செயலித் தொழிலாளர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, அதில் பதியுங்கள். உதவி எண் 14434.

மாநிலத்தில் இருப்பது தமிழ்நாடு இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்கள் நலவாரியம். 2023 சுதந்திர தின உரையில் அறிவிக்கப்பட்டு அந்த வருடமே அமைந்தது. டெலிவரிப் பையன்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள், நீங்களும் அதில் வருவீர்கள். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக், புகைப்படம், செயலியில் உங்கள் ஐ.டி. தெரியும் பக்கம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு தொழிலாளர் துறை இணையதளத்திலோ மாவட்ட அலுவலகத்திலோ பதியலாம். இரண்டுக்கும் பதிவுக் கட்டணம் இல்லை. "500 கொடுங்க, முடிச்சுத் தர்றேன்" என்பவரிடம் போகாதீர்கள். மனு திரும்பி வருவதற்கு அடிக்கடிக் காரணம் பெயர்ப் பொருத்தம்தான். ஆதாரில் தந்தை பெயரின் முதலெழுத்து பின்னால், பாஸ்புக்கில் கணவர் பெயர் என்று இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

கமிஷன் விஷயம்: 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, செயலி நிறுவனங்கள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தைத் தொழிலாளர் நலனுக்குத் தர வேண்டும், தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதம் உச்சவரம்பு. அது நிறுவனம் தர வேண்டியது, உங்கள் கூலியிலிருந்து பிடிப்பது அல்ல. நீங்கள் பதிவதால் உங்கள் கமிஷன் மாறாது. உங்கள் சம்மதமில்லாமல் ரசீதில் புதிதாக ஒரு பிடித்தம் தோன்றினால், அதன் பெயரைக் குறித்துக்கொண்டு எழுத்தில் கேளுங்கள்.

"ஒரே ராத்திரியில் ஐ.டி. பிளாக். காரணம் 'விதிமீறல்' என்று ஒரு வரி. 6,400 ரூபாய் நிலுவையும் நிற்கிறது."
– தாம்பரம் வாசகர்

முதலில் செயலியை அழித்துவிட்டு மறுபடி போடாதீர்கள், பழைய பதிவுகள் மறைந்துவிடலாம். பிளாக் செய்தி, கடைசி நான்கு வாரப் பட்டுவாடா, ரேட்டிங், நிலுவைத் தொகை எல்லாவற்றையும் படமெடுங்கள். பிறகு காரணத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்: செல்ஃபிச் சரிபார்ப்பில் முகம் பொருந்தவில்லை, வாடிக்கையாளரிடம் வாங்கிய ரொக்கத்தைக் கெடுவுக்குள் கட்டவில்லை, லைசென்ஸ் அல்லது இன்சூரன்ஸ் காலாவதி, இருக்கும் இடத்தை மாற்றிக் காட்டும் செயலி போனில் இருக்கிறது, 'வரவில்லை' என்று வாடிக்கையாளர் புகார். ஹெல்மெட்டோடும் இருட்டிலும் எடுத்த செல்ஃபியால் பிளாக் ஆனவர்கள் நிறைய. அது எளிதில் சரியாகும்.

முறையீட்டில் கதை வேண்டாம். ஐ.டி. எண், தேதி, ஆர்டர் எண், நடந்தது இரண்டு வரி, இணைத்த ஆதாரம், "எந்த விதி, எந்த ஆர்டரில் மீறப்பட்டது என்று தெரிவிக்கவும்" – இவ்வளவே போதும். நிலுவைப் பணத்துக்குத் தனி மனு எழுதுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஐ.டி. மறுக்கப்படும்போது பணமும் அதே கோப்பில் மூடப்பட்டுவிடும். செயலியிலும் மின்னஞ்சலிலும் இரண்டிலும் அனுப்புங்கள். 15 நாளில் பதில் இல்லையென்றால் அதே காகிதங்களோடு தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்துக்கும், உங்கள் பகுதித் தொழிற்சங்கத்துக்கும் போங்கள். கர்நாடகம் 2025இல் கொண்டுவந்த சட்டத்தில், வேலையிலிருந்து நீக்கும் முன் எழுத்தில் காரணமும் 14 நாள் அவகாசமும் தர வேண்டும் என்று இருக்கிறது. 2023இல் முதலில் சட்டம் போட்ட மாநிலம் ராஜஸ்தான். நம்மிடம் இருப்பது நலவாரியம். அதனால் இங்கே காகிதம்தான் பலம்.

இந்த இடைவெளியில் நண்பரின் ஐ.டி.யை வாடகைக்கு எடுத்து ஓட்டாதீர்கள். விபத்தானால் காப்பீடு அவர் பெயரில், அடிபட்டது நீங்கள். இரண்டாவது ஒரு செயலியில் உங்கள் சொந்த ஐ.டி.யை எப்போதும் உயிரோடு வைத்திருங்கள், மாதம் நாலு நாளாவது அதில் ஓடுங்கள்.

"வெப் டெவலப்பராக ஃப்ரீலான்ஸ் செய்கிறேன். வருடம் 9 லட்சம் வந்தது, அதில் 90,000 ரூபாய் டி.டி.எஸ். பிடித்துவிட்டார்கள். போனது போனதுதானா? வங்கியில் கடன் கேட்டால் சம்பளச் சீட்டுக் கேட்கிறார்கள்."
– திருச்சி வாசகர்

போகவில்லை, கேட்கவில்லையென்றால்தான் போகும். தகவல் தொழில்நுட்பத் தொழிலில் இருப்பவர், வருட வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் 'உத்தேச வருமான' முறையில் வரவில் பாதியை லாபம் என்று காட்டலாம். 9 லட்சத்தில் நாலரை லட்சம். 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான சாதாரண வருமானத்துக்குத் தள்ளுபடி போக வரி இல்லை. ஆக 90,000 முழுதும் திரும்ப வர வேண்டிய பணம். ஐ.டி.ஆர். 4 என்ற வருமான வரிப் படிவத்தைக் கெடு தேதிக்குள் போடுங்கள். அதற்கு முன், உங்கள் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏ.எஸ். அறிக்கையைத் திறந்து, பிடித்தவர்கள் எல்லாரும் உங்கள் பான் எண்ணில் கட்டியிருக்கிறார்களா என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். சின்ன நிறுவனங்கள் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பதுண்டு. அப்படியானால் உங்கள் இன்வாய்ஸோடு அவர்களைத்தான் துரத்த வேண்டும். சேவைத் தொழிலில் 20 லட்சத்துக்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. வெளிநாட்டுப் பணம் வந்தால் வங்கியிடம் வரவுச் சான்று கேட்டு வாங்கிவையுங்கள்.

டெலிவரிக்கார வாசகர்களுக்கும் இது பொருந்தும். உங்களுக்குப் பொதுவாகப் பிடிப்பது 1 சதவீதம். பான் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். எத்தனையோ பேர் அதைக் கமிஷன் என்று நினைத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

கடனுக்கு இரண்டு வருட ஐ.டி.ஆர்.தான் உங்கள் சம்பளச் சீட்டு. வரியே இல்லாவிட்டாலும் தாக்கல் செய்யுங்கள். வரவு எல்லாம் ஒரே கணக்கில் விழட்டும், நாலு வாலட்டில் சிதறினால் மேனேஜர் நம்பமாட்டார். வேலையை எடுக்கும்போதே 40 சதவீதம் முன்பணம், இரண்டு முறைக்கு மேல் திருத்தம் கேட்டால் தனிக் கட்டணம் என்று எழுதி வாங்குங்கள். ஒரே வாடிக்கையாளரிடமிருந்து பாதிக்கு மேல் வரவு வந்தால், நீங்கள் ஃப்ரீலான்ஸர் இல்லை, விடுப்பும் பி.எஃப்.பும் இல்லாத ஊழியர்.

"8 லட்சத்தில் கார் எடுத்து டாக்ஸி செயலியில் விடலாமா? முன்பணம் ஒன்றரை லட்சம் இருக்கிறது. மனைவி நகையை வைத்துக் கூட்டலாம்."
– கோவை வாசகர்

நகையை வைக்காதீர்கள். காரணம் கணக்கில் இருக்கிறது. ஆறரை லட்சம் கடன், 12 சதவீதம், 60 மாதம் என்றால் டியூ மாதம் சுமார் 14,460. மஞ்சள் போர்டு இன்சூரன்ஸ், வரி, பர்மிட், எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எல்லாம் மாதத்துக்கு 3,500 என்று வையுங்கள். வண்டி ஷெட்டில் நின்றாலும் நீங்கள் காய்ச்சலில் படுத்தாலும் இந்த 17,960 நிற்காது. மாதம் 4,000 கி.மீ. ஓடினால் எரிபொருள் கிலோமீட்டருக்கு 4 ரூபாய் வீதம் 16,000, டயர், சர்வீஸுக்கு ஒரு ரூபாய் வீதம் 4,000. மொத்தம் 37,960. 26 நாளுக்கு வகுத்தால் தினமும் முதல் 1,460 ரூபாய் உங்களுடையது இல்லை. கமிஷன் போகத் தினம் 2,200 வந்தால் மாதம் 19,000 சொச்சம் கையில் நிற்கும். கடனே இல்லாமல், அடுத்தவர் வண்டியை ஓட்டும் ஆக்டிங் டிரைவராகவே அந்தத் தொகையை எடுத்துவிடலாம்.

காரே வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று மாதம் வாடகைக் காரிலோ ஆக்டிங்கிலோ ஓட்டுங்கள். மீட்டரில் ஓடிய கிலோமீட்டரில் சவாரியோடு ஓடியது எவ்வளவு என்று எழுதுங்கள். அது மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே இருந்தால் கோவையில் உங்கள் மண்டலத்துக்குக் கார் கட்டாது. கட்டுகிறது என்றால், முன்பணத்தை இரண்டே முக்கால் லட்சமாக்கிய பிறகு, இரண்டு டியூவைத் தனியாக வங்கியில் போட்டுவிட்டு எடுங்கள். பள்ளி வண்டி, மருத்துவமனை, கம்பெனி ஷிப்ட் என்று செயலிக்கு வெளியே மாத ஓட்டம் ஒன்றையாவது பிடித்திருந்தால் இன்னும் நல்லது, டியூவை அது பார்த்துக்கொள்ளும். லைசென்ஸைப் பொறுத்தவரை, 7,500 கிலோவுக்குள் உள்ள வண்டிக்கு எல்.எம்.வி. என்ற இலகுரக வண்டி லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

"வயது 38. பத்து மணி நேரம் பைக்கில் இருந்தால் இடுப்பு நிமிர முடியவில்லை. பத்தாவது படித்தவன். இதை விட்டால் என்ன செய்வது?"
– பெரம்பூர் வாசகர்

இடுப்பிலிருந்து தொடங்குவோம். பை முதுகில் தொங்கினால் அதன் எடை முழுதும் கீழ் முதுகில் இறங்கும். வண்டியின் கேரியரில் பெட்டி பொருத்துங்கள். பின் ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்திருந்தால் ஒவ்வொரு பள்ளமும் உங்கள் தண்டுவடத்துக்கு வரும், அதை மாற்றுவது மருத்துவச் செலவைவிட மலிவு. கழிவறை இல்லை என்று தண்ணீர் குடிக்காமல் ஓட்டுபவர்களுக்குச் சிறுநீரகக் கல்லின் வலி விலா வழியாக இடுப்புக்கு வருவதுண்டு. பக்கவாட்டில் வலித்தால் ஸ்கேன் பாருங்கள். சென்னையில் அண்ணா நகர், தி.நகரில் மாநகராட்சி 2025இல் குளிர்சாதன ஓய்வறைகள் திறந்திருக்கிறது, பயன்படுத்துங்கள். கால் மரத்துப்போனால் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்த வேலைக்கு உங்களிடம் ஒரு மூலதனம் இருக்கிறது: மாலை 3 முதல் 6 மணி. உணவு டெலிவரியில் அது செத்த நேரம். வாரத்தில் நாலு நாள் அந்த மூன்று மணி நேரத்தை ஒரு கைத்தொழிலுக்குக் கொடுங்கள். எந்தத் தொழில்? உங்கள் வீட்டிலிருந்து 5 கி.மீ.க்குள் மூன்று கடைகள் 'ஆள் தேவை' என்று சொல்லும் தொழில். மின்சார ஸ்கூட்டர் பழுது, ஏ.சி. சர்வீஸ், சி.சி.டி.வி. பொருத்துதல் என்று வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். மாநிலத்தில் 71 அரசு ஐ.டி.ஐ.க்கள் 4.0 தொழில்நுட்ப மையங்களாக மேம்படுத்தப்பட்டன, அங்கே குறுகிய காலப் பயிற்சி உண்டா என்று நேரில் போய்க் கேளுங்கள். முழுநேரப் படிப்பு உங்கள் குடும்பச் சூழலுக்குச் சிரமம். முதல் இரண்டு மாதம் கடையில் சம்பளமில்லாமல் கூடமாட நின்றாலும் பரவாயில்லை, மதிய, இரவு ஆர்டர்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ளும். டெலிவரியை ஒரே நாளில் விட்டுவிடாதீர்கள். புது வேலையில் வாரம் 2,500 ரூபாய் தொடர்ந்து எட்டு வாரம் வந்த பிறகு இரவு ஸ்லாட்டை முதலில் விடுங்கள்.

டார்க் ஸ்டோரில் (ஆன்லைன் ஆர்டருக்கு மட்டுமான கிடங்கு) பொருள் எடுத்துக் கொடுக்கும் வேலை, ஹப் என்ற டெலிவரி மையத்தின் பொறுப்பாளர் வேலை ஆகியவற்றுக்கும் ஓட்டிய அனுபவம் உள்ளவர்களை எடுக்கிறார்கள். ஆனால் எடுத்துக் கொடுக்கும் வேலையில் பத்து மணி நேரம் நிற்க வேண்டும். உங்கள் இடுப்புக்கு அது ஆகாது.

"எங்களுக்கெல்லாம் பென்ஷன் உண்டா?"
– தஞ்சாவூர் வாசகர், வயது 30

மத்திய அரசின் அடல் பென்ஷன் யோஜனாவில் 18 முதல் 40 வயதுக்குள் சேரலாம். வருமான வரி கட்டுபவராக இருக்கக் கூடாது. 30 வயதில் சேர்ந்து மாதம் 577 ரூபாய் கட்டினால் 60க்குப் பிறகு மாதம் 5,000. ஐந்து வருடம் தள்ளிப்போட்டால் அதே 5,000க்கு மாதம் 902 கட்ட வேண்டும். 30 வருடம் கழித்து 5,000 ரூபாய்க்கு என்ன வாங்க முடியும் என்று கேட்பீர்கள், நியாயம்தான். இதோடு தபால் அலுவலகத்தில் பி.பி.எஃப். என்ற நீண்டகாலச் சேமிப்புக் கணக்கும் தொடங்குங்கள். வருடம் 500 ரூபாய் போட்டால்கூடக் கணக்கு உயிரோடு இருக்கும், நல்ல மாதத்தில் கூடுதலாகப் போடலாம். பென்ஷன் தவணையை மாதம், காலாண்டு, அரையாண்டு என்று எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம். வாரப் பணம் வாங்கும் உங்களுக்கு மாதத் தவணைதான் தோது. பணம் எடுக்கும் அன்று கணக்கு காலியாக இருந்தால் தாமதக் கட்டணம் ஏறும். அதனால் சம்பாதிக்கும் கணக்கில் அல்ல, முதல் பதிலில் சொன்ன, வண்டிக்காக ஒதுக்கும் அந்த இரண்டாவது கணக்கில் இதை இணையுங்கள்.